மரபணுவுக்கும் இலக்கணம் உண்டு

முன்னுரை

தமிழ்ப்பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வந்த நம்மில் பெரும்பாலோர் அறிவியலை மூன்று மொழிகளில் கற்றவர்கள். தொடக்கப்பள்ளியில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், விரிவுரை மண்டபத்தில் ஆங்கிலம். 2003ஆம் ஆண்டு கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாறிய காலத்தில் பயின்ற மூத்தவர்களுக்கு மட்டும் இந்த வரிசை சற்று மாறுபடும். எப்படிக் கற்றிருந்தாலும் ஓர் எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. உயர்ந்த அறிவியல் மூன்றாவது மொழியில்தான் இருக்கிறது. இலக்கணம் என்பது தமிழ்ப் பாட வேளையோடு முடிந்துவிட்டது என்பதே அந்த எண்ணம்.

அதைச் சற்று அசைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நுண்ணுயிரிகளின் டி.என்.ஏ.வில் மரபணு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைக் கணினியின் துணைகொண்டு கண்டறியும் துறை ஒன்று உண்டு. அதன் அடிப்படைக் கேள்விகள் மூன்று. ஒரு சொல் எந்த எழுத்தில் தொடங்கலாம்? எந்த எழுத்தில் முடியலாம்? எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வரும்? மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்று நாம் படித்தவையும் இவையே அல்லவா? இந்த ஒப்புமையைப் பிடித்துக்கொண்டு, நம் நாட்டு மண்ணில் வாழும் கொடிய கிருமி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்துறையை அறிமுகப்படுத்த முயல்கிறேன்.

நம் மண்ணில் வாழும் கிருமி

பர்க்கோல்டேரியா சூடோமாலி என்பது ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா. காயத்தின் வழியாகவோ மூச்சுக்காற்றின் வழியாகவோ உடலுக்குள் புகுந்தால் மெலியோய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகிறது. 1911ஆம் ஆண்டு இரங்கூனில் ஆல்பிரட் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றிய சி.எஸ். கிருஷ்ணசாமியும் இந்நோயைக் கண்டறிந்தனர். 1912இல் அதைப் பற்றி எழுதினர். கோலாலம்பூரில் உள்ள மருத்துவ ஆய்வுக் கழகத்தில் 1913ஆம் ஆண்டு ஆய்வக விலங்குகளிடையே இந்நோய் பரவியது. அங்குப் பணியாற்றிய ஸ்டாண்டன், பிளெச்சர் ஆகிய இருவரே 1921இல் இதற்கு மெலியோய்டோசிஸ் என்று பெயரிட்டவர்கள். ஆக, நோயின் பெயரே மலாயாவில் பிறந்ததுதான்.

2016இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 165,000 பேர் இந்நோய்க்கு ஆளாகின்றனர். அவர்களில் ஏறத்தாழ 89,000 பேர் இறக்கின்றனர். பெனிசிலின் போன்ற பழகிய மருந்துகள் இக்கிருமியிடம் செல்லாது. வாரக்கணக்கில் நரம்பு வழியே மருந்து ஏற்றி, பின்னர் மாதக்கணக்கில் மாத்திரை உட்கொள்ள வேண்டும். உரிமம் பெற்ற தடுப்பூசி இன்றுவரை இல்லை. இந்நோய்க்கு ஆளாவோரில் பலர் நீரிழிவு உள்ளவர்கள். மலேசிய இனங்களில் நீரிழிவு விழுக்காடு இந்தியர்களிடமே மிகுதி என்பதைத் தேசியச் சுகாதார ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. இனிப்பு நீர் இல்லாத குடும்பத்தை நம்மிடையே தேடித்தான் பார்க்க வேண்டும். ஆகவே, இக்கிருமியைப் பற்றிய அறிவு யாருக்கோ வேண்டியது என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

2004ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் சேங்கர் நிலையத்தின் தலைமையில், தாய்லாந்து நோயாளி ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்ட கே96243 என்னும் வகையின் மரபணுத்தொகுதி முழுமையாக வெளியிடப்பட்டது. அதில் இரண்டு குரோமோசோம்கள். பெரியதில் 40.7 இலட்சம் எழுத்துகள், சிறியதில் 31.7 இலட்சம் எழுத்துகள். மொத்தம் 72 இலட்சத்திற்கும் மேல். இந்த எழுத்து வெள்ளத்தில் மரபணுக்கள் எங்கே இருக்கின்றன என்பதே நம் கேள்வி.

நான்கு எழுத்து, மூன்றெழுத்துச் சொல்

டி.என்.ஏ.வின் நெடுங்கணக்கு மிகச் சிறியது. ஏ, டி, ஜி, சி என்னும் நான்கே எழுத்துகள். உயிரணு இவற்றை மும்மூன்றாகப் பிரித்துப் படிக்கிறது. கோடான் எனப்படும் இம்மூவெழுத்துத் தொகுதிகள் மொத்தம் 64 (நான்கு × நான்கு × நான்கு). இவற்றுள் 61 தொகுதிகள் புரதத்தின் உறுப்புகளான 20 அமினோ அமிலங்களைக் குறிப்பன. எஞ்சிய மூன்றும் முற்றுப்புள்ளிகள். அவை டி‑ஏ‑ஏ, டி‑ஏ‑ஜி, டி‑ஜி‑ஏ ஆகும். தொடக்கத்தைக் குறிப்பது பெரும்பாலும் ஏ‑டி‑ஜி. பாக்டீரியாக்களில் ஜி‑டி‑ஜி, டி‑டி‑ஜி ஆகியனவும் சில வேளைகளில் தொடக்கமாக வரும்.

ஒன்பது எழுத்துள்ள சிறு துண்டு ஒன்றைப் பார்ப்போம்:

ஏ டி ஜி சி ஏ ஜி டி ஏ ஏ

முதல் எழுத்திலிருந்து படித்தால் ஏடிஜி, சிஏஜி, டிஏஏ. தொடக்கம், ஓர் அமினோ அமிலம், முற்றுப்புள்ளி என்று பொருள் வருகிறது. இரண்டாம் எழுத்திலிருந்து படித்தால் டிஜிசி, ஏஜிடி. மூன்றாம் எழுத்திலிருந்து படித்தால் ஜிசிஏ, ஜிடிஏ. எழுத்துகள் அவையேதாம், சொற்கள் முற்றிலும் வேறு. இது மட்டுமன்று. டி.என்.ஏ. இரட்டை இழையால் ஆனது. ஏ எதிரில் டி, ஜி எதிரில் சி என அமைந்த மறு இழை எதிர்த்திசையில் படிக்கப்படுகிறது. அதிலும் மூன்று வழிகள் உண்டு. ஆகவே, எந்த ஒரு துண்டையும் ஆறு வழிகளில் படிக்கலாம். அவற்றுள் உயிரணு உண்மையில் படிப்பது எது என்று சொல்வதே மரபணு தேடலின் முதல் வேலை.

புள்ளியும் இடைவெளியும் இல்லாத ஏடு

இது நமக்குப் புதிய சிக்கல் அன்று. பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் போன்றோர் அத்தகைய ஏடுகளிலிருந்தே சொற்களைப் பிரித்தெடுத்தார்கள். மொழியின் இயல்பை அறிந்திருந்ததால்தான் அது அவர்களுக்குக் கைகூடியது.

பினாங்கு லிட்டில் இந்தியாவை வைத்தே ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். லெபோ பாசாரிலும் லெபோ குவினிலும் உள்ள பெயர்ப்பலகைகளில் காணும் தமிழ்ச் சொற்களையெல்லாம் இடைவெளியின்றி ஒரே வரியில் எழுதிவிட்டதாகக் கொள்வோம். 'புடவைநகைமாலைபாத்திரம்' என்று அந்த வரி ஓடுகிறது. தமிழ் அறியாதவருக்கு அது வெறும் எழுத்துக் குவியல். நமக்கோ வெட்ட வேண்டிய இடம் உடனே தெரிகிறது. ஏன்? 'ட' என்ற எழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது என்பதை அறிவோம். ஆகவே 'பு' என்பதற்குப் பின் வெட்ட மாட்டோம். வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. ஆகவே 'பாத்' என்று நிறுத்த மாட்டோம். த் என்ற மெய்க்குப் பின் தகரமே வரும் என்பதால் அடுத்த எழுத்தையும் முன்னரே ஊகித்துவிடுகிறோம். இவ்விதிகளை நாம் எண்ணிப் பார்த்துச் செய்வதில்லை. காது பழகிவிட்டது. கணினிக்குக் காது இல்லை. ஆகவே, எண்களால் பழக்க வேண்டியிருக்கிறது.

முதல் வழி: முற்றுப்புள்ளி இல்லாத நீளம்

எளிய வழி இது. ஆறு வழிகளிலும் படித்துப் பார்த்து, ஒரு தொடக்கத்திலிருந்து முற்றுப்புள்ளி வரும்வரை நீண்டிருக்கும் பகுதிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். இவற்றைத் திறந்த வாசிப்புச் சட்டகம் என்பர். நான்கு எழுத்துகளும் சம அளவில் தாறுமாறாகக் கலந்திருந்தால் 64 கோடான்களுக்கு மூன்று வீதம் முற்றுப்புள்ளி வரும். அதாவது, சராசரியாக 21 கோடான்களுக்கு ஒரு முறை. தொடர்ந்து 100 கோடான்கள் முற்றுப்புள்ளியே இல்லாமல் தற்செயலாக அமையும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே, நீண்ட சட்டகம் ஒன்றைக் கண்டால் அது மரபணுவாக இருக்கலாம் என்று ஐயுறுவதில் நியாயம் உண்டு.

நம் கிருமியிடம் இக்கணக்கு தடுமாறுகிறது. அதன் டி.என்.ஏ.வில் ஜி, சி ஆகிய இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 68 விழுக்காடு. முற்றுப்புள்ளிகள் மூன்றிலுமோ ஏ, டி ஆகிய எழுத்துகளே மிகுதி. அவை அருகியிருப்பதால் முற்றுப்புள்ளியும் அருகிவிடுகிறது. அதே கணக்கை இவ்விகிதத்தில் போட்டுப் பார்த்தால் 46 அல்லது 47 கோடான்களுக்கு ஒரு முறைதான் முற்றுப்புள்ளி வருகிறது. 100 கோடான்கள் தற்செயலாக நீளும் வாய்ப்பு நூற்றில் 11 வரை உயர்ந்துவிடுகிறது. எங்கு நோக்கினும் நீண்ட சட்டகங்கள். அவற்றுள் பல போலிகள். நீளம் மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும்.

இரண்டாம் வழி: எழுத்தின் பழக்கம்

1913ஆம் ஆண்டு இரஷ்யக் கணித அறிஞர் ஆந்திரே மார்க்கோவ் ஒரு விந்தையான வேலை செய்தார். புஷ்கின் எழுதிய யூஜின் ஒனேகின் என்னும் செய்யுள் நூலின் முதல் 20,000 எழுத்துகளை எடுத்து, உயிர் எது, மெய் எது என்று எண்ணினார். மொத்தத்தில் உயிரெழுத்துகள் 43 விழுக்காடு. ஆனால், ஓர் உயிருக்குப் பின் மீண்டும் உயிர் வருவது 13 விழுக்காடுதான். மெய்க்குப் பின் உயிர் வருவதோ 66 விழுக்காடு. முந்திய எழுத்து எது என்று தெரிந்தால் பிந்திய எழுத்தைப் பற்றிய ஊகம் மாறுகிறது. மெய்ம்மயக்கத்தை எண்ணால் எழுதியது போன்றது இது. மார்க்கோவ் சங்கிலி என்னும் கணிதம் இலக்கியப் பக்கத்தில்தான் முதன்முதலில் சோதிக்கப்பட்டது.

எண்பது ஆண்டுகள் கழித்து, 1993இல், அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் மார்க் போரோடோவ்ஸ்கி இதே கணிதத்தைக் கொண்டு ஜீன்மார்க் என்னும் நிரலை வெளியிட்டார். முந்திய ஐந்து எழுத்துகளைப் பார்த்து ஆறாவது எழுத்து என்னவாக இருக்கும் என்று கணக்கிடுவது இதன் முறை. ஐந்தெழுத்துச் சேர்க்கைகள் 1,024. ஒவ்வொன்றின் பின்னும் நான்கு எழுத்துகளுள் ஒன்று வரலாம் என்பதால் 4,096 எண்களைக் கொண்ட ஓர் அட்டவணை தேவை. மரபணுப் பகுதிக்கு ஓர் அட்டவணை, மரபணு அல்லாத பகுதிக்கு ஓர் அட்டவணை. புதிய துண்டு ஒன்று எந்த அட்டவணையோடு நன்கு பொருந்துகிறது என்று நிரல் ஒப்பிட்டுச் சொல்லும். மரபணுப் பகுதியில் கோடானின் முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கணக்கு உண்டு. இதனால் ஆறு வழிகளுள் சரியானது எது என்பதும் வெளிப்பட்டுவிடுகிறது.

1995இல் கிரெய்க் வென்டரின் குழுவினர் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா என்னும் பாக்டீரியாவின் 1,830,137 எழுத்துகளையும் வெளியிட்டனர். தனித்து வாழும் உயிரி ஒன்றின் மரபணுத்தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்டது அதுவே முதல் முறை. அதில் 1,743 மரபணுப் பகுதிகளைக் குறிக்க ஜீன்மார்க் பயன்பட்டது. பின்னர், 1998இல் ஸ்டீவன் சால்ஸ்பெர்க் குழுவினரின் கிளிம்மர் வந்தது. சான்றுகள் மிகுந்த இடத்தில் எட்டு எழுத்துகள் வரை பின்னோக்கிப் பார்ப்பதும், சான்றுகள் குறைந்த இடத்தில் குறைவாகப் பார்ப்பதும் கிளிம்மரின் சிறப்பு. 2010இல் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் டக் ஹயாட் குழுவினர் உருவாக்கிய புரோடிகல் இன்று பரவலாகப் பயன்படுகிறது.

சரி, புதிதாகப் படிக்கப்பட்ட ஒரு கிருமிக்கு அட்டவணை எங்கிருந்து வரும்? அந்தக் கிருமியிடமிருந்தேதான். ஐயத்திற்கு இடமில்லாத நீண்ட சட்டகங்களை முதலில் பொறுக்கியெடுத்து, அவற்றிலிருந்து அதன் எழுத்துப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு, பிறகு குறுகிய சட்டகங்களைச் சோதிக்கிறது நிரல். நம் கிருமிக்கு இம்முறை நன்கு கைகொடுக்கிறது. ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் கோடான்கள் பலவும் மூன்றாம் எழுத்தில் மட்டுமே வேறுபடுவதால், ஜி, சி மிகுந்த உயிரி அவ்விரண்டையும் மூன்றாமிடத்தில் கொண்டுபோய்க் குவிக்கிறது. உண்மையான மரபணுவில் அந்தக் குவிப்பு தெளிவாகத் தெரியும். போலிச் சட்டகத்தில் அது இடம் மாறியிருக்கும்.

மூன்றுக்கு ஒருமுறை வரும் இந்தப் பழக்கத்தை வேறு வகையில் பிடித்தவர்களும் உண்டு. புது தில்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராமகிருஷ்ண ராமசாமி, அலோக் பட்டாச்சார்யா முதலியோர் பங்குகொண்ட ஆய்வு ஒன்று 1997இல் வெளிவந்தது. எழுத்துகளை எண்களாக்கி, ஒலியலையைப் பகுப்பதற்குப் பயன்படும் ஃபூரியர் பகுப்பாய்வுக்கு அவற்றை உட்படுத்தினார்கள். மரபணுப் பகுதிகளில் மூன்றுக்கு ஒரு துடிப்பு ஓங்கி ஒலித்தது. மற்ற இடங்களில் அது மங்கியிருந்தது. மிருதங்கத்தில் 'தகிட தகிட' என்று வரும் திஸ்ர நடையைச் சந்தடியிலும் காது இனங்கண்டுகொள்வதைப் போன்றது இது. முன்கூட்டியே அட்டவணை கற்க வேண்டியதில்லை என்பது இம்முறையின் வசதியாகும்.

தொடக்கம் எது?

மரபணுவின் முடிவைச் சொல்வது எளிது. தொடக்கத்தைச் சொல்வது கடினம். ஒரே சட்டகத்திற்குள் ஏ‑டி‑ஜி பல முறை வரலாம். அவற்றுள் எது உண்மையான தொடக்கம்? 1974இல் ஆஸ்திரேலியாவில் ஜான் ஷைன், லின் டால்கார்னோ ஆகிய இருவரும் இதற்கு ஒரு தடயம் கண்டார்கள். உண்மையான தொடக்கத்திற்குச் சில எழுத்துகள் முன்னதாக ஏ‑ஜி‑ஜி‑ஏ‑ஜி‑ஜி என்பதை ஒத்த ஒரு கோவை பல பாக்டீரியாக்களில் காணப்படுகிறது. புரதம் நெய்யும் ரைபோசோம் முதலில் பற்றிக்கொள்ளும் இடம் அது. நிரல்கள் இத்தடயத்தையும் மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்கின்றன.

மற்றொரு சிக்கலும் உண்டு. 'தாமரை' என்பதைப் பிரிக்காமல் படித்தால் மலர். 'தா மரை' என்று பிரித்தால் தாவுகின்ற மான். பொதுமொழி என்று நாம் படித்த இவ்வித்தையை டி.என்.ஏ.வும் அறிந்திருக்கிறது. 1977இல் பிரெடரிக் சேங்கரின் குழு ஃபை‑எக்ஸ்‑174 என்னும் சிறு வைரசின் ஐயாயிரத்துச் சொச்சம் எழுத்துகளைப் படித்தபோது, ஒரு மரபணுவுக்குள்ளேயே மற்றொரு மரபணு வேறு சட்டகத்தில் ஓடுவதைக் கண்டது. ஆகவே, ஓரிடத்தில் ஒரு மரபணுதான் இருக்க முடியும் என்று நிரலுக்குக் கண்டிப்பாகச் சொல்லவும் முடியாது. அளவின்றி மேற்பொருந்த விடவும் முடியாது. எவ்வளவு இடம் கொடுப்பது என்பது நிரல் எழுதுவோரின் முடிவாகிறது.

இரவல் சொல்லும் இரவல் மரபணுவும்

'லிட்டில் இந்தியா' என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். லகரம் தமிழ்ச்சொல்லுக்கு முதலாகாது. ஆகவே, 'லிட்டில்' வெளியிலிருந்து வந்த சொல் என்று இலக்கணமே காட்டிக் கொடுத்துவிடுகிறது. 'டாக்டர்' இரண்டு விதிகளை மீறுகிறது: டகரம் முதலில் வருகிறது, க் என்ற மெய்க்குப் பின் டகரம் வருகிறது. ஆனால், 'பாசார்'? அதுவும் வெளியிலிருந்து வந்ததே. எனினும் அதன் தொடக்கத்திலோ இடையிலோ இறுதியிலோ எந்த விதியும் மீறப்படவில்லை. இலக்கணத்தை மட்டும் வைத்து அதைப் பிடிக்க முடியாது.

பாக்டீரியாக்களும் பிற பாக்டீரியாக்களிடமிருந்து மரபணுக்களை இரவல் வாங்குகின்றன. கே96243 வகையில் இவ்வாறு வந்தவை எனக் கருதப்படும் 16 தீவுகள் உள்ளன. அவை மொத்தத் தொகுதியில் 6.1 விழுக்காடு. வீட்டு எழுத்துப் பழக்கத்தைக் கற்ற நிரல் இத்தீவுகளில் உள்ள மரபணுக்களைத் தவறவிடக் கூடும். ஏனெனில் அவற்றின் மெய்ம்மயக்கம் வேறு. நோயை உண்டாக்கும் ஆற்றலும் மருந்தை எதிர்க்கும் ஆற்றலும் பல கிருமிகளுக்கு இத்தகைய இரவல் பகுதிகளிலிருந்தே கிடைக்கின்றன. ஆகவே, அங்கு நேரும் பிழை சிறு பிழையாகாது. நெடுங்காலத்திற்கு முன் வந்த இரவல் மரபணுக்களோ 'பாசார்' போல வீட்டுப் பழக்கத்திற்கு மாறி, அடையாளம் தெரியாமல் கலந்துவிடுகின்றன.

1549ஆம் எண் மரபணு

இத்தனை வழிகளையும் கொண்டு, மனித அறிஞர்களின் சரிபார்ப்போடு, கே96243 வகையில் 5,800க்கும் மேற்பட்ட மரபணுக்கள் குறிக்கப்பட்டன. தெருவில் வீட்டு எண் போடுவதைப் போல ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெரிய குரோமோசோமில் உள்ளவற்றுக்கு பி.பி.எஸ்.எல். என்றும், சிறியதில் உள்ளவற்றுக்கு பி.பி.எஸ்.எஸ். என்றும் முன்னொட்டு. இவற்றுள் பலவற்றுக்கு, ஏற்கெனவே அறியப்பட்ட மரபணுக்களோடு ஒப்பிட்டு, இன்ன வேலை செய்வது என்று எழுதிவிட முடிந்தது. எதனோடும் ஒத்துப்போகாதவற்றுக்கு, வேலை தெரியாத ஊகப் புரதம் என்று மட்டும் எழுதப்பட்டது. இது அரிதான நிலையன்று. 1997இல் எஸ்செரிசியா கோலி பாக்டீரியாவின் 4,288 மரபணுக்கள் வெளியிடப்பட்டபோது அவற்றுள் 38 விழுக்காட்டின் வேலை தெரியாமலேயே இருந்தது.

பி.பி.எஸ்.எல்.1549 அத்தகைய பெயரற்ற மரபணுக்களுள் ஒன்று. ஏறத்தாழ 210 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத்தைக் குறிப்பது. எழுத்து வரிசையை ஒப்பிட்டதில் எந்தத் துப்பும் கிடைக்கவில்லை. மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தையும் அந்நாளைய மலேசிய மரபணுத்தொகுதிக் கழகத்தையும் சேர்ந்த ஷீலா நாதன், ரஹ்மா முகமது, முகமது ஃபிர்டாவுஸ் ராய் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தோடு இணைந்து அப்புரதத்தை ஆராய்ந்தனர். புரதத்தைப் படிகமாக்கி அதன் வடிவத்தைக் கண்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. எழுத்தில் ஒத்துப்போகாத அது, வடிவத்தில் எஸ்செரிசியா கோலியின் ஒரு நச்சுப் புரதத்தை ஒத்திருந்தது.

சோதனைகள் தொடர்ந்தன. அப்புரதம் எலிகளைக் கொன்றது. மனித உயிரணுவில் புரத உற்பத்தியைத் தொடக்கிவைக்கும் இ.ஐ.எஃப்.4ஏ என்னும் உறுப்பில், 339ஆம் இடத்தில் உள்ள குளூட்டமின் என்னும் ஒரே ஓர் அமினோ அமிலத்தை அது குளூட்டமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. அவ்வளவுதான், உயிரணுவின் புரத உற்பத்தி நின்றுபோகிறது. 2011ஆம் ஆண்டு நவம்பரில் சயன்ஸ் ஆய்விதழில் இக்கண்டுபிடிப்பு வெளிவந்தது. ஊகப் புரதமாகக் கிடந்தது அன்றுமுதல் பர்க்கோல்டேரியா கொல்காரணி 1 என்ற பெயரைப் பெற்றது.

இந்நிகழ்ச்சியில் கணினியின் பங்கு என்ன, மனிதரின் பங்கு என்ன என்பதைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. 72 இலட்சம் எழுத்துகளுள் அந்த அறுநூற்றுச் சொச்சம் எழுத்துகள் ஒரு மரபணு என்று கணினி வழியே குறிக்கப்படாதிருந்தால், அதற்கு ஓர் எண்ணே கிடைத்திருக்காது. எண் இல்லாததை யாரும் ஆராயப் போவதில்லை. அதே வேளையில், எண் கிடைத்த பின்னரும் ஏழு ஆண்டுகள் அது ஒரு பட்டியலில் வெறும் வரியாகவே இருந்தது. அதன் வேலையைச் சொன்னவர்கள் ஆய்வுக்கூடத்தில் கைநனைத்தவர்கள்.

எட்டாத இடங்கள்

இம்முறைகளுக்கு எல்லைகளும் உண்டு. நூறு கோடான்களுக்கும் குறைந்த சிறு மரபணுக்களில் எழுத்துப் பழக்கத்தைக் கணிக்கப் போதிய எழுத்துகள் இல்லை. அவற்றை எல்லாம் ஏற்றுக்கொண்டால் போலிகள் பெருகும். ஒதுக்கிவிட்டால் மெய்யானவையும் போய்விடும். புரதமாக மாறாமல் ஆர்.என்.ஏ.வாகவே வேலை செய்யும் மரபணுக்களுக்கு முற்றுப்புள்ளியும் கிடையாது, கோடானும் கிடையாது. அவற்றுக்குத் தனி நிரல்கள் வேண்டும். மேலும், ஒரு பட்டியலில் நேர்ந்த பிழை, அதை ஒப்பிட்டு எழுதப்படும் அடுத்த பட்டியலுக்கும் பரவுகிறது. ஏடெழுதியவரின் பிழை படிக்குப் படி தொடர்வதை ஒத்தது இது.

பாக்டீரியாவைத் தாண்டினால் வேலை இன்னும் கடினம். பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி மரபணுவே. அதுவும் இடைவெட்டு இல்லாமல் தொடர்ந்து ஓடும். மரஞ்செடிகளில் அப்படியில்லை. 2009ஆம் ஆண்டு பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், மக்சூடுல் ஆலம் தலைமையில், ரப்பர் மரத்தின் மரபணுத்தொகுதி வரைவை அறிவித்தது. 2013இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை, அத்தொகுதியில் 78 விழுக்காடு மீண்டும் மீண்டும் வரும் கோவைகளே என்று கூறியது. மரபணுக்களோ துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. நம் பாட்டன் பாட்டி பால் சீவிய மரத்தைப் படிப்பது, சேற்றில் வாழும் கிருமியைப் படிப்பதைவிடப் பன்மடங்கு கடினமான வேலை. எனினும், அதற்கான அரிச்சுவடி பாக்டீரியாவிடம்தான் இருக்கிறது.

முடிவுரை

மொழிமுதலும் மொழியிறுதியும் மெய்ம்மயக்கமும் தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்பட்டவை என்றே நம்மில் பலர் நினைத்திருப்போம். ஓர் எழுத்து வரிசையில் எது சொல்லாகும், எது சொல்லாகாது என்று விதி வகுத்துப் பார்க்கும் மனப்பயிற்சி அது. மரபணு தேடும் நிரல்கள் அதே பயிற்சியை எண்களில் செய்கின்றன. ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. தொல்காப்பியர் மரபணுவை அறிந்திருந்தார் என்று பெருமை பேசுவதற்காக இது எழுதப்படவில்லை. மொழி மனிதர் வகுத்துக்கொண்டது. மரபணுவை யாரும் வகுக்கவில்லை. ஒன்றைப் பிரித்துப் படிக்கப் பழகியவருக்கு மற்றொன்று எட்டாக்கனி ஆகாது என்பதே இங்குச் சொல்ல வந்தது.

இதில் ஈடுபட விரும்பும் தம்பி தங்கையருக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆயிரக்கணக்கான பாக்டீரியாக்களின் எழுத்து வரிசைகள் ஜீன்பேங்க் என்னும் பொதுக்களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புரோடிகல் நிரலும் இலவசமே. சாதாரண மடிக்கணினி ஒன்று ஒரு பாக்டீரியாவின் மரபணுப் பட்டியலைச் சில நிமிடங்களுக்குள் தந்துவிடும். கே96243 வகையின் வரிசையை இறக்கி, முற்றுப்புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். 46 கோடான்களுக்கு ஒன்று என்ற கணக்கு மரபணுவுக்கு உள்ளே எப்படிப் பொய்க்கிறது, வெளியே எப்படி மெய்யாகிறது என்று நீங்களே காணலாம். பட்டியலின் பல வரிகளில் இன்னும் 'ஊகப் புரதம்' என்றே எழுதியிருக்கும். 2011 வரை 1549ஆம் எண்ணுக்கு எதிரிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.